காணிக்கை மேஜையில் வைத்த மாத்திரை

மகனே, கண்ணு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சேலம் போகிற வண்டி உன் பஞ்சர் கடையைத் தாண்டித்தானே போகிறது, அதில் கொடுத்தனுப்புகிறேன். வண்டிக்காரர் படித்தாலும் படிக்கட்டும். உன் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் பிரித்துப் பார்த்தாலும் பார்க்கட்டும். மறைத்து மறைத்துத்தான் நம் பிள்ளையின் முகம் இப்படி வீங்கிக் கிடக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் பிழையில்லாமல் எழுதுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு, அது உனக்கே தெரியும். போன் போட்டால் உன் மகள் பிளெஸ்சி பேரை எடுத்ததுமே "கடையில ஆள் நிக்கறாங்கம்மா" என்று வைத்துவிடுகிறாய். நேரில் பேசினால் நான் அழுதுவிடுகிறேன். நான் அழுதால் நீ கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய். அதற்கப்புறம் யாரும் எதையும் பேச முடிவதில்லை. காகிதத்தின் முன்னால் நான் அழுதால் யாருக்கும் தெரியாது. கடைசி வரைக்கும் படி.

போன வாரம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பாதிதான் சொன்னேன். காலையில் பிளெஸ்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப உட்கார்த்தி வைத்துத் தலை வாரினேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இமை இரண்டும் தடித்துப்போய், கண் திறக்கவே சோம்பல்படுகிற மாதிரி இருந்தது. தூங்கி எழுந்த முகம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முந்தின நாள் சாக்ஸ் போட்ட இடத்தில் காலைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம். முழங்காலுக்குக் கீழே என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த ராகி மாவில் அழுத்தின மாதிரி. போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குக் காட்டிக்கொடுத்த அதே குழி.

அதைவிடப் பெரிசு அதற்கப்புறம்தான். பிள்ளை பாத்ரூமுக்குப் போனாள். உள்ளே போன உடனே மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஊற்றிக்கொண்டே இருந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தேன். "என்ன கண்ணு, இத்தனை தண்ணிய ஊத்தற?" என்றேன். அவள் மக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒன்னுக்குப் போனா நொர வருதுல்ல ஆயா. அம்மா பாத்தா அழுவாங்க." நான் குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனேன். "அப்பாகிட்ட சொல்லிராத ஆயா. அப்பா சபைல எல்லாருக்கும் முன்னாடி எனக்கு நல்லாயிருச்சுன்னு சொன்னாங்க. திரும்ப வந்துருச்சுன்னா அப்பா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்ல."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, கண்ணு. உன் சாட்சியைக் காப்பாற்றுகிற பொறுப்பை அவள் தலையில் ஏற்றிக்கொண்டு, தினமும் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இதை நான் உன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது தாங்கித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சாட்சி நாளை நான் மறக்கவில்லை. போன வருஷம் அவளுக்குச் சிறுநீரில் சத்தெல்லாம் போய், வயிறு ஊதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, நீ நம் ஊர் சபையில் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினாய்: பிள்ளை எழுந்து நடந்தால் அறுப்பின் பண்டிகையில் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்கிறேன் என்று. பிள்ளை எழுந்தாள், நடந்தாள், பண்டிகைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். காணிக்கை மேஜையில் பரங்கிக்காய், ராகி, தக்காளிக் கூடை, கால் கட்டின கோழி எல்லாம் ஏலத்துக்காக இருந்தன. நீ மைக்கைப் பிடித்து அழுது அழுது சொன்னாய். நான் பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன். இவன் என் மகன் என்று எனக்குக் கழுத்து நிமிர்ந்து நின்றது. அப்போதுதான் நீ சட்டைப் பையிலிருந்து அவள் மாத்திரை அட்டையை எடுத்தாய். "இனிமேல் இது எங்களுக்கு வேண்டாங்க" என்று சொல்லி, பரங்கிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாய். சபையே அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன். பாஸ்டர் ஐயா மட்டும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீயும் நானும் உன் மனைவி சுகந்தியும் மூன்று பேரும் நின்றோம். "இது போயிட்டுத் திரும்பி வர்ற வியாதிங்க. மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்போம், நீங்களா நிறுத்திராதீங்க. திரும்ப வீங்கினா உடனே கூட்டிட்டு வாங்க. அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல" என்றார்கள். வெட்கம் என்கிற வார்த்தையை அந்த அம்மா ஏன் சொன்னார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நம்மை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்களோ.

போன வாரம் நீ சாப்பிட வந்தபோது கால் குழியை மட்டும் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நீ தட்டைத் தள்ளினாய். "சாட்சி சொல்லிட்டு மறுபடி மாத்திரை குடுத்தா ஆண்டவரை நம்பலன்னு அர்த்தம்மா" என்றாய். சுகந்தி வாசற்படியில் நின்று, "ஏங்க, ஒருதடவை காட்டிட்டு..." என்றாள், பாவம், முழுசாகக்கூடச் சொல்லவில்லை. நீ அவளை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் என்னிடம் திரும்பி, "அந்த டீக்கடைக்காரர் என்ன கேப்பாரு தெரியுமா? என்ன தம்பி, உங்க சாமி பாத்த வைத்தியத்துக்கு வாரண்டி முடிஞ்சுருச்சான்னு கேப்பாரு. அவருக்கு நான் என்னத்தைச் சொல்றது?" என்றாய். "அவரு கேட்டாரா?" என்றேன். "கேப்பாரும்மா" என்றாய். கண்ணு, பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ஃப்ளாஸ்க்கில் வெந்நீரும் பாலும் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த டீக்கடைக்காரர்தான். இன்னும் வாயே திறக்காத மனுஷனுக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாய். இதையே அன்றைக்கும் நான் சொன்னதும்தான் நீ எழுந்து நின்று சொன்னாய்: "பிசாசு உன் வாயில பேசறான்ம்மா."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். உன் கடையில் நின்றால் ஆம்புலன்ஸ் போகிற சத்தம் கேட்கும், அவ்வளவு பக்கத்தில் ஆஸ்பத்திரி. டவுன் பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்க வேண்டிய தூரம். இருந்தும் என் கால் அந்தப் பக்கம் போகவில்லை, ஊர்ப் பக்கம் போனது. பெற்ற மகன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்கிருந்த கொஞ்ச தைரியமும் செத்துப்போனது. பாலக்கோடு வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். உன் இடது பாதத்தில் இரண்டு புள்ளி மாதிரி ஒரு தழும்பு இருக்கிறதே, அதன் கதை உனக்குப் பாதிதான் தெரியும். பாம்பு கடித்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிழைத்தாய் என்று தெரியும். நடுவில் நடந்ததை நான் சொன்னதில்லை, உன் அப்பாவைப் பெற்றவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று. அப்போது அந்த வீட்டில் நான் ஒருத்திதான் சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். கடலைக்காட்டில் விளையாடிக்கொண்டிருந்த நீ அலறிக்கொண்டு வந்தாய். உன் பாட்டி மந்திரிக்கிற ஆளைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, உன்னைக் கட்டிலில் போட்டுக் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் உன்னைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. "ஏ புள்ள, உன் ஆண்டவரு அத்தனை பெரிய ஆளுன்னா எதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடற? இங்கயே உக்காந்து ஜெபம் பண்ணு, பாப்போம்" என்றாள்.

எனக்கு அப்போது படிப்பு இல்லை, பேச்சு இல்லை, வயசும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நம்பறதாலதாங்க அத்தை ஓடறேன்." உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அன்றைக்கும் ஒரு தக்காளி வண்டிதான் நின்றது. கூடைகளுக்கு நடுவில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வாயில் எச்சில் வழிந்தது. என் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பயம் ஒரு துளிகூடப் போகவில்லை, இதை நீ தெரிந்துகொள். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த வண்டியில் நான் தனியாக இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதே, சொல்லத் தெரியாது. இருட்டறையில் பக்கத்தில் யாரோ இருந்தால் மூச்சுச் சத்தம் கேட்காமலே தெரியுமே, அந்த மாதிரி. ஊசி போட்டார்கள். நீ கண்ணைத் திறந்து, தக்காளி வேண்டும் என்று கேட்டாய்.

இப்போது உன் பாட்டி கேட்ட கேள்வியை நீ கேட்கிறாய். நம்பினால் ஏன் ஓடவேண்டும் என்று. அவள் கேலியாகக் கேட்டாள், நீ பக்தியாகக் கேட்கிறாய், வித்தியாசம் அவ்வளவுதான். அன்றைக்கு மந்திரிக்கிறவர் கையில் உன்னை விடாத நான், இன்றைக்கு என் பேத்தியை ஒரு கைதட்டலின் கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் ஆண்டவர் பேரைச் சொல்லியே இது நடக்கிறது என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆண்டவருக்குப் பயமே இல்லை என்றா நினைக்கிறாய்? சிலுவைக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கூட இருக்கச் சொல்லி ஆட்களைக் கேட்டார். தமக்குக் கலக்கமாக இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. அவரே மறைக்காததை நீ யாருக்காக மறைக்கிறாய்?

நானும் மறைத்தேன். ஊருக்கு வந்த மறுநாள் நம் சபைக் கிரேஸ் அக்கா குழாயடியில் வைத்து, "சாட்சிப் பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டாள். பிளெஸ்சிக்கு ஊரில் பேரே அதுதான் இப்போது. "ஸ்தோத்திரம், நல்லா இருக்கா" என்றேன். குடத்தைத் தூக்கமுடியாமல் அங்கேயே வைத்துவிட்டு, நேராகப் பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பாத்ரூம் தண்ணீர் வரைக்கும். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், நீ மேஜையில் வைத்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். காணிக்கைத் துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறார். "தம்பிக்கு ரெண்டு மூணு தடவை போன் போட்டேனுங்கம்மா. எடுக்கல. நான் நேர்ல போயிருக்கணும்" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நானே சக்கரைக்கு மாத்திரை போட்டுட்டுதாங்க பிரசங்கத்துக்கு வர்றேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். சாட்சி சொன்னதை மாற்றிச் சொல்லலாமா, ஆண்டவர் பேர் கெட்டுப்போகுமா என்று கேட்டேன். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆனாத்தாங்கம்மா கெட்டுப்போகும்" என்றார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இதை எழுத உட்காரும் முன்னால் நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று சொல்கிறேன். ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. முழங்கால் எழும்பவில்லை. ஆண்டவரே, பெரிய விசுவாசமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இந்த முழங்காலுக்குக் கொஞ்சம் பலம் கொடும் என்றுதான் கேட்டேன். எழுந்தேன். நீ நின்ற அதே இடத்தில், காணிக்கை மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். "என் மவன் பண்டிகையில சொன்ன சாட்சி பொய்யில்லீங்க. அன்னிக்குப் புள்ள நல்லாத்தான் இருந்தா. இப்ப வியாதி திரும்ப வந்துருச்சு. மாத்திரையை நிறுத்துனது எங்க தப்பு. கைதட்டுனதுல முதல் ஆள் நான்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். கைதட்ட வேண்டாம், ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ, "விசுவாசம் கொறஞ்சா இப்படித்தான்" என்றார்கள். காதில் விழுந்தது. கூரை இடிந்து விழவில்லை கண்ணு, நான் நின்ற இடத்திலேயேதான் நின்றேன். அப்புறம் பாஸ்டர் ஐயா எழுந்து தம்முடைய சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சொன்னார். கிரேஸ் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அதான் எங்க வூட்டுப் பாயாசத்தைத் தொடாம வெச்சீங்களாக்கும்" என்றாள். ஓரிருவர் சிரித்தார்கள். ஜெபம் பண்ணினார்கள். முடிந்து வெளியே வரும்போது கிரேஸ் அக்கா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். சிலர் பேசினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ எதற்குப் பயந்துகொண்டிருந்தாயோ அது நடந்து முடிந்துவிட்டது. அந்த அவமானத்தை நான் வாங்கிக்கொண்டேன். இனி நீ காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைதான் மிச்சமிருக்கிறாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. சபையிலிருந்து வந்ததும் சுகந்திக்குப் போன் போட்டேன். வயிறும் லேசாக ஊதியிருக்கிறது என்று சொல்லி அழுகிறாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் யாரையும் கேட்காமல் ஆட்டோவைப் பிடி என்று சொல்லியிருக்கிறேன். அவளைத் திட்டாதே. ஒரு வாரம் போய்விட்டது, கண்ணு. நான் மறைத்தது ஒரு வாரம், நீ மறைத்தது எத்தனை நாளோ. தாமதமாகியிருந்தால் என்கிற வார்த்தைக்கு அப்புறம் எனக்கு எழுத வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபமும் வரவில்லை. அவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டிக்குப் பின்னாலேயே முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். உன் கடைக்கு வரமாட்டேன், நேராக உன் வீட்டுக்குத்தான் போவேன். மாத்திரை அட்டையைப் பாஸ்டர் ஐயாவிடம் வாங்கி வைத்திருக்கிறேன். நானாக எடுத்துக் கொடுக்கமாட்டேன், டாக்டரம்மாவிடம் காட்டி, இதைத்தான் நிறுத்தினோம் என்று சொல்வேன். நீ கடையை மூடிவிட்டு வந்தால் பிள்ளையை நீ தூக்கிக்கொள், எனக்கு இடுப்பு வலி. நீ வராவிட்டால் நானே தூக்குவேன். உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிய இடுப்புதான். டீக்கடைக்காரர் வாரண்டியைப் பற்றிக் கேட்டால், ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுவரச் சொல்லு. கொண்டுவருவார். பிசாசு என்று சொன்னதை நான் மனசில் வைக்கவில்லை. வைக்கவில்லை என்று எழுதும்போதே வலிக்கிறது, ஆனாலும் வைக்கவில்லை. நீ மட்டும் வா.

கீழே இருப்பதைப் பிளெஸ்சிக்குப் படித்துக் காட்டு. நீயே உன் வாயால் படிக்கவேண்டும், சுகந்தியிடம் கொடுக்காதே.

பிளெஸ்சி கண்ணு, ஆயா சபையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அப்பா பொய் சொன்னதாக ஆகவில்லை. அப்பாவுக்குப் பயம், அவ்வளவுதான். ஆயாவுக்கும் பயம். நாம் எல்லாரும் சேர்ந்து பயந்துகொண்டே போவோம், ஆண்டவரும் கூட வருவார். இனிமேல் நீ தண்ணீர் ஊற்றி மறைக்க வேண்டாம். டாக்டரம்மா என்ன ஆச்சு என்று கேட்டால், நுரை வருகிறது என்று நீயே சொல்லு. அப்பா பக்கத்தில் நிற்கும்போதே சொல்லு.